பொறுமை காத்த பெரியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம்

போர் என்பது நமது நகரத்தவர்க்கு நூல்களில் மட்டும் படித்தறியும் விஷயமன்று. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே நமது கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும், சில மாதங்களில் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்ததையும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையையும், சனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியதையும் நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்குப் பின் வந்த நீண்ட போரை நமது தலைமுறையே கண்ணாரக் கண்டது. போர்க்காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வரும். மண்ணெண்ணெய்க்கு வரிசை நிற்கும். ஆனால் இவற்றிற்கெல்லாம் முன்னதாகவே ஒன்று அடங்கிப் போகிறது. அது குடிமக்களின் குரல். சண்டை முடியட்டும், உரிமைகளைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பதே எக்காலத்திலும் ஆள்வோர் கூறும் சமாதானம். ஆளப்படுவோரிற் பெரும்பாலோரும் அதை நியாயமென்றே ஏற்றுக்கொள்கின்றனர்.

அவ்வாறு ஏற்றுக்கொள்ளாத ஒருவரின் வரலாற்றையே இம்மலரில் எழுத முற்பட்டோம். முதலாம் உலக மகாயுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில், அறுபது வயதைக் கடந்த பின்பு, இந்நாட்டு மக்களுக்குப் பொறுப்புள்ள ஆட்சி வேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய பெயரை அறியாதார் நம்மிடையே இல்லை. ஆயினும் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவர் என்ற ஒரு வரியோடு நாம் அவரை மறந்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளின் பொறுமை கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் அருணாசலம் பொன்னம்பல முதலியார். கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோவிலைக் கட்டிய புண்ணியவான். சட்டநிரூபண சபையிலே புகழ்பெற்று விளங்கிய சேர் முத்துக் குமாரசுவாமி இவருக்குத் தாய்மாமன். குமாரசுவாமி, இராமநாதன் என்போர் தமையன்மார். மூவருமே பொதுவாழ்வில் ஈடுபட்டவராயினும், இளையவராகிய அருணாசலத்துக்கே படிப்பில் அளவுகடந்த நாட்டம். கொழும்பு அக்கடமியில் (இன்றைய றோயல் கல்லூரி) பயின்று, 1870இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட் கல்லூரியிற் சேர்ந்தார். அங்கே பட்டமும், இலண்டனிலே பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையிலே ஆங்கிலேயரோடு சரிக்குச் சரியாக அமர்ந்து தேறினார். அந்த வாயிலாக அச்சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் இவரே.

அந்நாளில் சிவில் சேவை என்பது துரைமாரின் தனிச் சொத்து. கறுத்த நிறத்தவர் ஒருவர் அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததை அவர்கள் மனமுவந்து ஏற்றிருப்பார்கள் என்று நாம் எண்ணவேண்டியதில்லை. நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களிற் கடமையாற்றிய பின், தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் இவருடைய திறமையைக் கண்டு பதிவாளர் நாயகமாக உயர்த்தினார். மூத்த உத்தியோகத்தர் பலரைத் தாண்டி வந்த உயர்வாதலால் முணுமுணுப்பு எழுந்தது. அருணாசலம் அதற்கு வாயால் மறுமொழி கூறவில்லை. காணிப் பதிவும் பிறப்பு இறப்புப் பதிவும் சீர்குலைந்து கிடந்த நிலையை மாற்றி ஒழுங்கு செய்துகாட்டினார். ஓர் ஏழைக் கமக்காரன் தன் துண்டு நிலத்தின் உறுதியை நம்பிக்கையோடு பெட்டியில் வைத்திருக்கலாம் என்பதற்கு, பதிவுப் புத்தகம் ஒழுங்காக இருக்கவேண்டும் அல்லவா? அரசியல் மேடைகளிற் பேசப்படாத இந்த வேலையையும் குடியாட்சியின் ஓர் அடிக்கல்லாகவே நாம் கருதுகிறோம்.

1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தும் பொறுப்பும் இவரிடம் வந்தது. இலங்கையின் சனத்தொகை அப்போது ஏறக்குறைய 35 லட்சத்து 66 ஆயிரம். தலைகளை எண்ணித் தொகை சொல்வதோடு அவர் நின்றாரில்லை. இந்நாட்டின் சாதிகள், சமயங்கள், மொழிகள், வழக்கங்கள், வரலாறு அனைத்தையும் ஆராய்ந்து அந்த அறிக்கையை எழுதினார். அரசாங்க அறிக்கை என்றால் உறக்கம் வரும் என்பது பொது விதி; இவருடைய அறிக்கை அதற்கு விலக்கு என்று அறிஞர்கள் சொல்கின்றனர். ஒரு தேசத்துக்கு ஆட்சியுரிமை கேட்கப் புறப்படுமுன் அந்தத் தேசத்திலே யார் யார் இருக்கிறார்கள் என்பதை வீடுவீடாக எண்ணி அறிந்துகொண்ட தலைவர் உலகிலே மிகச் சிலரே.

இவ்வளவு வேலைக்கிடையிலும் அவர் சைவ நூல்களைக் கைவிட்டதில்லை. திருவாசகத்தையும் தாயுமானவர் பாடல்களையும் ஆங்கிலத்திற் பெயர்த்தார். கேம்பிரிட்ஜ் நண்பராகிய எட்வர்ட் கார்ப்பென்டர் 1890இல் இலங்கைக்கு வந்தபோது அவரை நம் நாட்டு ஞானி ஒருவரிடம் சேர்ப்பித்தவரும் இவரே. மேனாட்டுக் கல்வியின் உச்சியை எட்டியவர்கள் தாய்மொழியை மறப்பதைப் பெருமையென்று கருதிய காலத்தில், பாடசாலைகளிலே தமிழும் சிங்களமும் கற்பிக்கப்படவேண்டுமென வாதாடினார். 1906இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்துக்குத் தலைமை வகித்து, இந்நாட்டுக்கென ஒரு சர்வகலாசாலை வேண்டுமெனக் கேட்டார். அந்த வேண்டுகோள் பலிக்கப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1921இற்றான் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. முழுச் சர்வகலாசாலை அமைந்ததோ 1942 ஜூலையில். நமது துறைமுகத்திற் குண்டு விழுந்து மூன்று மாதம் செல்லுமுன்! அதுவும் ஒரு போர்க்காலத்து அறுவடையே.

சேவையின் இறுதியாண்டுகளிலே சட்டநிரூபண சபைக்கும் நிர்வாக சபைக்கும் அரசாங்கம் இவரை நியமித்தது. ஆதலால் ஆட்சி இயந்திரத்தை அவர் உள்ளிருந்தே பார்த்தார். 1912இல் அமைந்த சட்டநிரூபண சபையில் 21 உறுப்பினர். அவருள் 11 பேர் அரசாங்க உத்தியோகத்தர். மிகுதி 10 பேரில் வாக்கினாலே தெரிவானவர் நால்வர் மட்டுமே. அந்நால்வரிலும் இருவர் ஐரோப்பியர், ஒருவர் பறங்கியர். படித்த இலங்கையர் அனைவருக்குமாகக் கிடைத்தது ஓர் ஆசனம். 1911இறுதியில் நடந்த அதற்கான தேர்தலில் வெற்றிபெற்றவர் அண்ணர் இராமநாதன். படித்த சிங்களவரும் தமிழரும் இனம் பாராது ஒரு தமிழரைத் தெரிவு செய்தனர் என்பதை இன்று நினைக்கும்போது நமக்கே வியப்பாக இருக்கிறது.

1913இல் அறுபதாம் வயதில் அருணாசலம் ஓய்வுபெற்றார். சேர் பட்டமும் வந்தது. ஓய்வூதியமும், செல்வமும், நூல்களும், கோவிலும் உண்டு. இன்னும் என்ன வேண்டும்? மற்றொருவராயிருந்தால் சாய்வு நாற்காலியிலே சாய்ந்திருப்பார். அடுத்த ஆண்டே மகாயுத்தம் மூண்டது. எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் சென்னையிலே குண்டெறிந்து, இலங்கைக் கடலிலே கப்பல்களைக் கவிழ்த்து, தமிழ்மொழிக்கே ஒரு புதுச் சொல்லைத் தந்துவிட்டுப் போயிற்று. பிரித்தானியக் கடற்படை 1905ஆம் ஆண்டளவிலே நமது துறைமுகத்துத் தளத்தைச் சுருக்கிக்கொண்டமையால், திருகோணமலை அந்தப் போரை அரைத் தூக்கத்திலேயே கழித்தது எனலாம். தீ பற்றியதோ கண்டியிலும் கொழும்பிலும்.

1915 மே மாத இறுதியில் வெசாக் விழாவின்போது கண்டியிலே சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டு பல மாகாணங்களுக்குப் பரவிற்று. முஸ்லிம் சகோதரரின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. அதை அடக்குவதற்கு அரசாங்கம் ஜூன் 2ஆம் நாள் இராணுவச் சட்டம் பிறப்பித்தது. யுத்தகாலப் பீதியினால் இதை ஓர் இராசத் துரோகச் சதியென்றே துரைமார் எண்ணிவிட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோர் உண்டு. ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனநாயக்க, டி. பி. ஜயதிலக்க முதலியோர் சிறையில் அடைக்கப்பட்டனர். ஆகஸ்ட் இறுதிவரை அந்தச் சட்டம் நீங்கவில்லை.

அண்ணர் இராமநாதன் சட்டநிரூபண சபையிலே இதனைக் கண்டித்து முழங்கியதும், நீர்மூழ்கிக் கப்பல்கள் நடமாடிய கடலைக் கடந்து இலண்டன் சென்று முறையிட்டதும், திரும்பி வந்தபோது சிங்களப் பெருமக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றதும் பலரும் அறிந்த கதை. ஈ. டபிள்யூ. பெரேரா சப்பாத்துக்குள்ளே பத்திரம் ஒன்றை மறைத்துக்கொண்டு இலண்டன் சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கலகத்தில் உடைமை இழந்த முஸ்லிம்கள் இராமநாதனின் வாதத்தினாலே மனம் நொந்தனர் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். மூவினமும் தோளோடு தோள் உரசி வாழும் நமது நகரத்திலே அதை மறைத்துச் சொல்வது அழகன்று.

இராமநாதன் இடி, அருணாசலம் மழை. நடந்த அநியாயத்துக்கு நியாயம் கேட்டார் அண்ணர். அந்த அநியாயம் நடப்பதற்கு இடங்கொடுத்த ஆட்சிமுறையையே மாற்றவேண்டும் என்றார் தம்பி. ஒரு தேசாதிபதியைத் திருப்பி அழைத்தால் இன்னொரு தேசாதிபதி வருவார். அவரைக் கேள்வி கேட்க மக்கள் தெரிந்தெடுத்த சபை இல்லாதவரை எதுவும் மாறாது. இந்த எண்ணத்தோடு, இலங்கைத் தேசிய சங்கத்தின் அழைப்பை ஏற்று, 1917 ஏப்ரல் 2ஆம் நாள் கொழும்பிலே நமது அரசியல் தேவைகள் என்ற பொருள்பற்றி ஒரு சொற்பொழிவாற்றினார்.

அந்த நாளை நாம் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஐரோப்பாவிலே போர் எவர் பக்கம் சாயுமென்று தெரியாத காலம். இராணுவச் சட்டத்தின் நினைவு இன்னும் ஆறவில்லை. ஆட்சியைக் குறைகூறுவது பகைவனுக்கு உதவுவதாகும் என்று எளிதிலே பழிசுமத்தலாம். பேசியவரோ அரசாங்கத்தின் ஓய்வூதியம் வாங்குபவர். அரசரின் பட்டம் தரித்தவர். அவர் சாம்ராச்சியத்தை உதறித் தள்ளச் சொல்லவில்லை. சாம்ராச்சியத்துக்குள்ளே சுயாட்சி வேண்டும், உத்தியோகத்தர் பெரும்பான்மை ஒழிந்து தெரிவுசெய்யப்பட்டோர் பெரும்பான்மை வரவேண்டும், வரிகொடுக்கும் மக்களின் பிரதிநிதிகளுக்கு வரவு செலவிலே அதிகாரம் வேண்டும் என்பன அவர் கேட்டவை. இன்று இவை மிகச் சாதாரணமாகத் தோன்றலாம். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்குவோம் என்ற மொண்டேகு மந்திரியின் அறிவித்தல் வெளிவந்தது அவ்வாண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள். அருணாசலம் பேசியது அதற்கு நான்கு மாதங்களுக்கும் மேலாக முந்தி என்பதை நினைத்தால் அவரது துணிவு புலப்படும்.

சொற்பொழிவோடு வேலை முடியவில்லை. மே மாதத்திலே இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தை நிறுவி அதன் தலைவரானார். பின்னர் நடந்தவை மேடைக் காட்சிகள் அல்ல: கடிதங்கள், மனுக்கள், தூதுகள், கூட்ட அறிக்கைகள். ஒவ்வொரு மனுவும் கப்பலேறி இலண்டன் சென்று மறுமொழி வருவதற்கு மாதக்கணக்காகும். வந்த மறுமொழியும் பெரும்பாலும் பொறுத்திருங்கள் என்பதே. 1917 டிசம்பரிலும் 1918 டிசம்பரிலும் தேசிய சங்கமும் சீர்திருத்தக் கழகமும் கூட்டு மகாநாடுகள் நடத்தின. இரண்டுக்குமிடையே போர் முடிந்தது. கொள்ளை நோயாகிய இன்புளுவென்சாக் காய்ச்சல் வந்தது. அரிசித் தட்டுப்பாடும் வந்தது. அறுபத்தைந்து வயது முதியவர் ஒருவர் இவ்வளவுக்கும் நடுவே கரையோரத்தாரையும் கண்டியரையும், கொழும்புத் தமிழரையும் யாழ்ப்பாணத் தமிழரையும் ஒருவரோடொருவர் பேசவைத்துக்கொண்டிருந்தார். பகைவரோடு போராடுவது எளிது. நண்பர்களை ஒன்றாக உட்காரவைப்பதே கடினம் என்று நமது மன்றச் செயலாளரைக் கேட்டால் அவரும் சொல்வார்!

யாழ்ப்பாணச் சங்கத்தார் தயங்கினர். பிரதேசவாரித் தேர்தல் மட்டும் வந்தால் தமிழர் குரல் சுருங்கிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அதைத் தீர்க்கும்பொருட்டு 1918 டிசம்பரிலே ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும், மேல்மாகாணத்திலே தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்போம் என எழுத்திலே உறுதி கொடுத்தனர். அந்த உறுதியை நம்பிய அருணாசலம், தம்மவரையும் நம்பச் செய்தார். அதன்பின் 1919 டிசம்பர் 11ஆம் நாள் இலங்கைத் தேசிய காங்கிரஸ் கொழும்பிலே உதயமாயிற்று. ஒருமனதாகத் தலைமைப் பீடத்தில் அமர்த்தப்பட்டவர் அருணாசலம். இராமநாதன் காங்கிரசிலிருந்து விலகியே நின்றார். சகோதரர் இருவரில் யாருடைய கணிப்புச் சரி என்று இன்றும் நம் பெரியோர் வாதிடுவதுண்டு.

காங்கிரஸ் கேட்ட வாக்குரிமையும் எல்லாருக்குமான வாக்குரிமையன்று. படிப்பும் சொத்தும் உள்ளோர்க்கே அது உரியது. அக்காலத்துத் தலைவர்களின் எல்லை அவ்வளவே. ஆனால் வாக்கில்லாதவரை அருணாசலம் மறந்தாரென்று சொல்ல முடியாது. 1915 ஜனவரியிலேயே சமூகசேவைச் சங்கத்தை நிறுவிக் கொழும்பின் சேரிகளிலே வேலை செய்தார். 1919இல் பெரி சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் அமைத்தார். தோட்டத் தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற சட்டமும், அவனுடைய கடனை எழுதி ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணியிடம் அனுப்பும் துண்டு முறையும் அப்போது நிலவின. கடதாசித் துண்டு ஒன்றிலே மனிதன் விலைபோனான். இக்கொடுமைகளுக்கு எதிராக எழுந்த குரல்களுள் அருணாசலத்தின் குரல் முதன்மையானது. 1920களின் தொடக்கத்திலே துண்டு முறையும் அந்தச் சிறைத் தண்டனையும் சட்டத்தால் நீக்கப்பட்டன. அவருடைய வாழ்நாளிற் கைகூடிய வெற்றிகள் சில. அவற்றுள் இது முக்கியமானது.

இனிச் சொல்லவேண்டியது துயரமானது. 1920இல் தேசாதிபதி மானிங் காலத்துச் சீர்திருத்தம் வந்தது. உத்தியோகப்பற்றற்றோர் பெரும்பான்மையாயினர், பிரதேச ஆசனங்கள் 11 உண்டாயின. மேல்மாகாணத்துக்கு மூன்று, வடமாகாணத்துக்கும் நமது கிழக்கு மாகாணத்துக்கும் மற்றை ஆறு மாகாணங்களுக்கும் ஒவ்வொன்று. மேல்மாகாணத்திலே தமிழருக்கென்று சொல்லப்பட்ட அந்த ஆசனம் எங்கே? 1921இல் தேர்தல் வந்தபோது கொழும்பு நகரத் தொகுதியிலே அருணாசலம் நிற்பார் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. காங்கிரசாரின் ஆதரவு ஜேம்ஸ் பீரிசுக்குப் போயிற்று. முன்னர் கொடுத்த உறுதி இப்போது தம்மைக் கட்டாது என்ற நிலையையே அவர்கள் எடுத்தனர். தாம் பெற்று வளர்த்த காங்கிரசைவிட்டு அவ்வாண்டே அருணாசலம் வெளியேறினார்.

ஓர் ஆசனத்துக்காக முதியவர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். நாம் அதை ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆசனம் வேண்டியவராயிருந்தால் 1913இற்குப் பின் அவருக்கு எத்தனையோ வழி இருந்தது. அவரை வருத்தியது வேறு. தாம் பிணை நின்று தம் மக்களுக்குக் கொடுத்த வாக்குப் பொய்யாயிற்று. மக்களாட்சி வாக்குப்பெட்டியினால் மட்டும் நடைபெறுவதன்று. எண்ணிக்கையிற் கூடியவர் குறைந்தவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவர் என்ற நம்பிக்கையினாலும் நடைபெறுவது. இந்நாட்டிலே அந்த நம்பிக்கையில் விழுந்த முதற்கீறல் 1921இல் விழுந்தது என்பது நமது கருத்து. ஆயினும் அருணாசலத்தினிடத்திலும் ஒரு குறை காணலாம். பல்லாயிரக் கணக்கான காணி உறுதிகளைப் பதிவேட்டிலே ஏற்றிப் பாதுகாத்தவர், தமக்குக் கிடைத்த அரசியல் உறுதியைச் சட்டமாகப் பதிவுசெய்து பெற்றுக்கொள்ளவில்லை. கையெழுத்திட்டோர் பெருந்தன்மையாளர் என்று நம்பிவிட்டார்.

1923இல் இலங்கைத் தமிழ்ச் சங்கம் என்னும் இயக்கத்தைத் தொடங்கித் தமிழரின் மொழி, கல்வி, பண்பாடு பற்றிப் பேசினார். எழுபதாம் வயதிலே மறுபடியும் முதலிலிருந்து! கூட்டம், கடிதம், மனு, காத்திருப்பு. ஆனால் உடல் அந்த மனத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்க யாத்திரை சென்றவர், 1924 ஜனவரி 9ஆம் நாள் மதுரையிலே இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டு நடந்த தேர்தலிலே வாக்குரிமை பெற்றோர் நாட்டு மக்களில் நூற்றுக்கு நாலு பேரளவே. ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை டொனமூர் அரசியற்றிட்டத்தோடு 1931இல் வந்தது.

போரும் அரசியலமைப்பும் ஒன்றாக வந்த காலம் அக்குடும்பத்துக்கு மீண்டும் ஒருமுறை வாய்த்தது. அவருடைய மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா 1942 முதல் 1946 வரை உள்நாட்டு மந்திரியாக இருந்தார். 1936இலே தெரிவான அரசாங்க சபை, யுத்தத்தினாலே தேர்தல் தள்ளிவைக்கப்பட்டு, 1947வரை நீடித்தது. நமது துறைமுகம் போர்க்கப்பல்களால் நிறைந்திருந்த அந்த ஆண்டுகளிலேயே மந்திரிமார் கொழும்பிலிருந்து அரசியற்றிட்ட நகல் வரைந்தனர். 1944 டிசம்பரிலே சோல்பரி ஆணைக்குழுவும் வந்தது. அந்த மந்திரிசபையிலிருந்த ஒரே தமிழர் மகாதேவா. தந்தையைப் போலவே அவரும் சிங்களத் தலைவர்களை நம்பிச் சேர்ந்து நின்றார். 1947 தேர்தலிலே யாழ்ப்பாண மக்கள் அவரைத் தோற்கடித்து ஜீ. ஜீ. பொன்னம்பலத்தைத் தெரிவுசெய்தனர்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மாணவர் விடுதி ஒன்று அருணாசலம் பெயரால் விளங்குகிறது. நமது நகரத்துப் பிள்ளைகள் பலர் அங்கே தங்கிப் படித்திருக்கிறார்கள். காலிமுகத்தில், 1930இலே திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் அயலிலே அவருடைய சிலை நிற்கிறது. மக்கள் வாக்கினாலே தெரிவான உறுப்பினராக எந்தச் சபையிலும் ஒருநாளேனும் அவர் அமர்ந்ததில்லை.